வட்டியில வெட்டுனது

அந்தப் பையக் கீழ வச்சிட்டு உக்காருங்க தம்பி. ஜன்னல் பக்கம் எனக்கு வேணும், குறை நினைக்காதிய. உள்பக்கம் இருந்தா இந்த டீசல் நாத்தம் கொடலப் பொரட்டிரும். எங்க, நாகர்கோவிலா? சரி சரி. நான் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டு. சாயங்காலம் மஸ்கட்டுக்குப் பிளைட்டு. ஆறுமுகநயினார்னு பேரு. இருபத்தாறு வருசம் ஆச்சு அங்க போயி, ஒரே கம்பெனி, ஸ்டோர் கீப்பரு. ஒரு போல்ட்டு நட்டு குறைஞ்சதுன்னு எவனும் சொன்னது கிடையாது.

லீவுல வந்தேனான்னா கேக்கிய? லீவும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. எமர்ஜென்சின்னு பொய் சொல்லி ஒம்பது நாளு வாங்கிட்டு வந்தேன். டிக்கெட்டு என் கைக்காசு. எதுக்குன்னா, என் காச எங்கிட்டயே திருப்பித் தாங்கய்யான்னு கேக்கதுக்கு. ச்சை. வெறுத்துப் போச்சு தம்பி. இந்த ஊரு, இந்த பேங்கு, இந்தச் சொந்தம் பந்தம் எல்லாமே வெறுத்துப் போச்சு.

கேளுங்க. பாளையங்கோட்டையில ஒரு பேங்குல எம்பேர்ல நாப்பது லட்சம் டெபாசிட்டு கெடக்கு. கெடந்துச்சு. வெளிநாட்டுல இருக்கவனுக்குன்னே தனி அக்கவுண்டு. வருசத்துக்கு ரெண்டு லட்சத்து எண்பதாயிரம் வட்டி வரணுமா, வந்துச்சா? மொத வருசம் பாக்கேன், எண்பத்தேழாயிரத்து முந்நூத்தி அறுபது ரூவா குறையுது. எவனோ ஆட்டையப் போட்டுட்டான்னு நினைச்சேன். விசாரிச்சா பேங்கே வெட்டி, வரின்னு சொல்லி கவர்மெண்டுக்குக் கட்டிட்டான். நூத்துக்கு முப்பத்தொண்ணு சொச்சம். உள்ளூர்க்காரனுக்குப் பத்துதானாம். பாலைவனத்துல போயிக் கருவாடாக் காயுதவனுக்கு முப்பத்தொண்ணு!

மேனேஜரப் போயிப் பாத்தேன். என் மவன் வயசு இருக்கும். சிரிச்சுக்கிட்டே சொல்லுதான், "சார், உங்களுக்கு இங்க வேற வருமானம் இல்லன்னா இதுக்கு வரியே கிடையாது. ரிட்டர்ன் போடுங்க, பூராவும் திரும்ப வந்துரும்." வரியே கிடையாதுன்னா பொறவு எதுக்குய்யா எடுத்த? மொதல்ல எடுப்பானாம். பொறவு நாம போயிக் கேக்கணுமாம். கேட்டா, நீ யாரு, எங்க இருந்த, எத்தன நாளு இருந்தன்னு விசாரிச்சுட்டுத் தருவானாம். இது எந்த ஊரு நியாயம் தம்பி? ஒருத்தன் காச எடுத்துக் கையில வச்சுக்கிட்டு, அவனையே நீ நிரூபின்னு சொல்லுதது. எனக்கு வாய்ல கெட்ட வார்த்தை வந்துட்டு.

ஹைகிரவுண்டு பக்கம் ஒரு ஆடிட்டரு. அவரு பாஸ்போர்ட்டுல முப்பத்தாறு பக்கமும் ஜெராக்ஸ் கேட்டாரு. வெள்ளப் பக்கம் கூட. ஒண்ணுமே அடிக்காத பக்கத்துல என்னய்யா இருக்குன்னு கேட்டா, ஒண்ணும் இல்லங்கதுக்கு அதுதான் ஆதாரமாம். தலையெழுத்துன்னு குடுத்தேன். ஆனா அதச் சொல்லணும், காசு வந்துட்டு. மொத வருசமும் வந்துட்டு, ரெண்டாம் வருசமும் வந்துட்டு. மூணாவது வருசம்தான், இந்த வருசம்தான், பிடிச்சிது சனி.

அந்தா அந்தாளு துப்புததைப் பாருங்க! ஓடுத பஸ்ஸுலயிருந்து துப்புதான், பின்னால வாரவன் மூஞ்சியெல்லாம் தெறிக்கும். தூ. மஸ்கட்டுல இப்படித் துப்புனா அந்த இடத்துலயே அபராதம் போட்டுருவான்.

எங்க விட்டேன்? ஆங், சனி. சனின்னா என் தங்கச்சிதான். உலகம்மா. உலகு உலகுன்னு கூப்புடுவோம். எனக்கு ஒம்பது வயசு எளையவ. அவ மாப்பிள்ளை செத்து பத்துப் பன்னெண்டு வருசம் இருக்கும். ஒரே மவ, கட்டிக் குடுத்துட்டா. குலவணிகர்புரத்துல ஒரு வாடகை வீட்டுல கிரைண்டர் போட்டு இட்லி மாவு ஆட்டி விக்கா. நல்ல யாவாரம்தான். தெருவே அவ மாவுலதான் தோசை சுடுது.

அந்த நாப்பது லட்சம் ஏதுன்னு நீங்க கேக்கல. கேக்காட்டாலும் சொல்லுதேன். எங்கப்பாவுக்குத் தச்சநல்லூர்ல ஒரு மனை கெடந்துச்சு. எழுதி வைக்காமப் போயிட்டாவ. அத வித்த காசு. சட்டப்படி பாதி உலகுக்கு. நான் இல்லன்னா சொன்னேன்? ஒரு நாளும் இல்லன்னு சொன்னது கிடையாது. எம்பேர்ல கெடக்கட்டும்னேன், அவ்வளவுதான். பொம்பளை கையில இருவது லட்சம் இருக்குன்னு தெரிஞ்சா மருமவன் வருவான், மச்சினன் வருவான், சீட்டுக்காரி வருவா. அவளும் "சரிண்ணே"ன்னா. எதச் சொன்னாலும் "சரிண்ணே"தான் அவளுக்கு.

மாசாமாசம் எட்டாயிரம் ரூவா அனுப்பிருவேன், அவ பங்கு வட்டி. ஒரு மாசம் தவறுனது இல்ல. கணக்குப் போடுதியளோ? போடுங்க. வருசத்துக்கு அவ பாதி ஒண்ணு நாப்பது. பேங்குக்காரன் முப்பத்தொண்ணு வெட்டுதாம்லா, அத நானும் வெட்டணும்லா? வெட்டுனா மாசத்துக்கு எட்டாயிரத்துச் சொச்சம். சொச்சத்த விட்டுட்டேன், சில்லறைக் காசு.

திரும்ப வந்ததுல அவளுக்குக் குடுத்தேனான்னா? தம்பி, ஆடிட்டர்ட்ட நடையா நடந்தது நான். முப்பத்தாறு பக்கம் ஜெராக்ஸ் எடுத்தது நான். அவ என்ன கியூவுல நின்னாளா? அது என் அலைச்சலுக்கு வந்த காசு. அவட்ட, "கவர்மெண்டு எடுத்தது எடுத்ததுதான் தாயி, போனது வராது"ன்னு சொன்னேன். "சரிண்ணே"ன்னா.

ஒரு தடவ கிரைண்டர் கல்லு தேஞ்சு போச்சு, புதுசு வாங்க என் பங்குலயிருந்து இருவத்தஞ்சாயிரம் எடுத்துத் தாண்ணேன்னு கேட்டா. குடுக்க மாட்டேன்னா சொன்னேன்? கடையில கொட்டேசன் வாங்கி அனுப்பு, பழைய கிரைண்டரப் போட்டோ எடுத்து அனுப்பு, கடைக்காரன் நம்பர் குடு, நானே பேசுதேன்னேன். ஒரு முறைன்னு இருக்குல்லா. மூணு மாசத்துல குடுத்துட்டேன். நடுவுல அவ கையால ஆட்டுனாளாம், தோள்பட்டை இறங்கிட்டாம். அதுக்கு நான் என்ன செய்ய?

இப்ப முக்கியமான விசயத்துக்கு வாரேன். அந்த சிம்மு.

உங்க சொந்தத்துல யாரும் வெளிநாட்டுல இருக்காங்களா? இருந்தா தெரியும். எங்களுக்கெல்லாம் இந்தியா நம்பர் ஒண்ணு இங்க யார்ட்டயாவது குடுத்து வச்சிருப்போம். பேங்கு, ஆதாரு, பான் கார்டு எல்லாம் அந்த நம்பர்லதான் இருக்கும். எதத் தொட்டாலும் அதுக்கு ஆறு நம்பர் ஓ.டி.பி. வரும். நாங்க அங்கயிருந்து கூப்புடுவோம், இங்க இருக்கவங்க வாசிச்சுச் சொல்லுவாங்க. எம்பொஞ்சாதி கோயமுத்தூர்ல மவகூட இருக்கா, பத்து தடவ அடிச்சா ஒரு தடவ எடுப்பா. மவன்ட்ட குடுத்தா நம்ம கணக்கு வழக்கெல்லாம் பயலுக்குத் தெரிஞ்சுரும். அதனால உலகுட்ட குடுத்தேன். எட்டாங்கிளாஸ் படிச்சவ, இங்கிலீஷு தெரியாது. அவ டச் போன்ல ரெண்டாவது சிம்மா கெடந்துச்சு. பதினோரு வருசம். காலைல அஞ்சு மணிக்குக் கூப்புட்டாலும் மாவுக் கையத் தொடைச்சிட்டு வந்து வாசிப்பா. "ஏழு, ரெண்டு, ரெண்டு, சைபர், ஒம்பது, நாலு. போதுமாண்ணே?" அவ்வளவுதான். எதுக்குன்னு ஒரு வார்த்தை கேட்டதில்ல.

ரீசார்ஜா? அவதான் போட்டுக்கிட்டா. அது என்ன பெரிய காசு. அவ கேக்கவும் இல்ல.

போன ஆனியில கூப்புட்டா. "அண்ணே, வீட்டுக்காரரு வீட்ட விக்காரு. பதினெட்டு லட்சம். ஆவணி மொத முகூர்த்தத்துல பத்திரம் போட்டா எனக்குத்தான்னு சொல்லிட்டாரு. இல்லன்னா வேற ஆளு ரெடியா இருக்கு. என் பாதியத் தாண்ணே. இந்த வீட்ட விட்டா என் யாவாரம் போச்சு, இனி எங்க போயி கிரைண்டரப் போடுவேன்"னு கேட்டா. நான் நல்லதுக்குத்தான் சொன்னேன். ரெண்டு ரூமு வீட்டுக்குப் பதினெட்டு லட்சமா? ஏமாத்துதான்னேன். டெபாசிட்டு அஞ்சு வருசப் பூட்டு, ஆண்டவனே வந்தாலும் உடைக்க முடியாதுன்னேன். பூட்டெல்லாம் இல்ல தம்பி, வருசாவருசம் புதுப்பிக்கதுதான். ஆனா உடைச்சா நாப்பதுக்கு வார வட்டி இருவதுக்குத்தான வரும்? அத யோசிக்க வேண்டாமா?

"சரிண்ணே"ன்னு வச்சிட்டா.

அடுத்த மாசம் ஆடிட்டரு ரிட்டர்ன் போட்டாரு. போட்டா போதாது, முப்பது நாளைக்குள்ள ஆதார் ஓ.டி.பி. போட்டு, நான்தான் போட்டேன்னு உறுதி பண்ணணும். பண்ணலன்னா போட்டது போடாத மாதிரியாம். கெடுவுக்குப் பத்து நாளு இருக்கப்ப நான் மஸ்கட்டுலயிருந்து இமோ ஆப்புல உலகக் கூப்புட்டேன். இந்தப் பக்கம் ஆடிட்டரு கம்ப்யூட்டர் முன்னால காத்துக்கிட்டு இருக்காரு. "ஏட்டி, ஆறு நம்பர் வந்திருக்கும், சட்டுனு வாசி"ன்னேன்.

"வந்திருக்குண்ணே. அதுக்கு முன்னால வந்ததும் கெடக்கு. ஒண்ணொண்ணா வாசிச்சுக்கிட்டு வாரேன்"னா.

எனக்கு ஒண்ணும் ஓடல. ஆரம்பிச்சிட்டா தம்பி. எழுத்துக் கூட்டிக் கூட்டி, ஒண்ணாங்கிளாஸ் புள்ள மாதிரி. "டியர்... கஸ்டமர்... யுவர்... டெபாசிட்... ரின்யூட்... ஃபார்... ட்வெல்வ்... மன்த்ஸ்." அப்புறம் தேதி. அப்புறம் தொகை. "அண்ணே, ட்வெல்வ் மன்த்ஸ்னா ஒரு வருசம்தான?"ங்கா. நான் கத்துதேன், "மூதி, கடைசி மெசேஜ வாசிட்டி, பத்து நிமிசம்தான் அதுக்கு உசிரு"ன்னு. காதுலயே வாங்கல. "இந்தா, இது போன வருசம் வந்தது. இன்கம்... டாக்ஸ்... ரீஃபண்ட்... கிரெடிட்டட்." எண்பத்தேழாயிரம்னு முழுசா வாசிக்கா. அதுக்கு முந்துன வருசத்ததையும் வாசிக்கா. ஒரு மெசேஜக் கூட அழிக்கல தம்பி அந்தப் பாதகத்தி! பதினோரு வருசமா எனக்கு வாசிச்சு வாசிச்சே இங்கிலீஷு படிச்சிட்டா.

எல்லாம் முடிச்சிட்டு, "இப்ப நீ கேட்ட நம்பர்ணே"ன்னு வாசிச்சா. ஆறு நம்பரும் சரியா வாசிச்சா. அதுக்குள்ள அது செத்துப் போச்சு. ஆடிட்டரு, "இன்னொரு தடவ அனுப்புவோம் சார்"ங்காரு. அனுப்புனா, விட்ட இடத்துலயிருந்து வாசிக்கா, மாசாமாசம் வட்டி ஏறுனதெல்லாம். மூணு தடவ. மூணாவது தடவ நான் அழுதுட்டேன்னு வச்சுக்கிடுங்க. கோவத்துல வார அழுக. கூடப் பொறந்தவ இப்படிச் செய்வாளா?

உடனே டிக்கெட்டப் போட்டேன். ஊருக்கு வந்து நேரா அவ வீடு. மாவு வாங்க நாலஞ்சு பொம்பளைய நிக்காவ. எல்லார் முன்னாலயும் சிம்மத் தாட்டின்னேன். "உக்காருண்ணே, காப்பி குடி"ங்கா. காப்பியும் வேண்டாம், ஒரு எழவும் வேண்டாம், என் சிம்மத் தான்னேன். "இது எம்பேர்லல்லாண்ணே இருக்கு"ன்னா. விசாரிச்சா நெசம்தான். ஏழெட்டு வருசத்துக்கு முன்னால, கைரேகை வச்சு உறுதி பண்ணலன்னா நம்பரக் கட் பண்ணிருவோம்னு சொன்னாம்லா? நான் அங்க இருக்கேன். இவ கடைக்குப் போயி இவ ரேகைய வச்சிருக்கா. அப்ப எங்கிட்ட சொன்னாளாம், நான்தான் "எதையாவது செய்யி, நம்பர் போயிரக் கூடாது"ன்னேனாம். யாருக்கு ஞாபகம் இருக்கு?

ஒரு வாரம் அவ எறங்கி வருவாளான்னு பாத்துட்டு ஆடிட்டர்ட்ட ஓடுனேன். வேற வழி இல்லியாய்யான்னேன். ஆதார்ல நம்பர மாத்தலாம், நாளாகும். கையெழுத்துப் போட்டு பெங்களூருக்குத் தபால்ல அனுப்பலாம், கெடுவுக்குள்ள போயிச் சேரணும். கெடு மறுநாள். எல்லாத்தையும் சொல்லிட்டு அந்த மனுசன் கண்ணாடியக் கழட்டித் தொடைச்சிக்கிட்டே, "சார், தங்கச்சிக்கு உள்ளத அவங்களுக்குக் குடுத்துருங்களேன்"ங்காரு. ஆடிட்டருன்னா ஆடிட்டர் வேலைய மட்டும் பாக்கணும். ஃபீஸு வாங்கிட்டுப் புத்தி சொல்ல வந்துட்டாரு, தூ.

வேற என்ன செய்ய? அந்த நம்பரு அவ கையில இருக்க மட்டும் ரீஃபண்டும் வராது, டெபாசிட்டத் தொடவும் முடியாது. நேத்து பத்தரை மணிக்கு அவளக் கூட்டிட்டு பேங்குக்குப் போனேன். டெபாசிட்ட உடைச்சேன். முன்கூட்டியே உடைச்சதுக்கு வட்டியில அவன் ஒரு பிடி பிடிச்சான், அது தனி வயித்தெரிச்சல். இருவது லட்சத்த அவ அக்கவுண்டுக்கு மாத்தச் சொல்லி எழுதிக் குடுத்தேன். "அண்ணே, திரும்ப வந்ததுல பாதி?"ன்னா, மேனேஜர் முன்னால வச்சே. ரெண்டு வருசத்துக்கும் சேத்து எண்பத்தேழாயிரத்துச் சொச்சம். அதையும் எழுதுனேன். ஒரு ரூவா கூடுதலாக் கேக்கல, ஒரு ரூவா விடவும் இல்ல. தங்கச்சியா அவ? வட்டிக்கடைக்காரன் கூட ஒரு பத்து இருவது விடுவான்.

மேனேஜரு பட்டனத் தட்டுனான். அவ போனுக்கு ஓ.டி.பி. வந்துச்சு. இதையும் எழுத்துக் கூட்டப் போறாளோன்னு பாக்கேன், நாலு, நாலு, ஒண்ணு, எட்டு, சைபர், ஆறுன்னு ஒரே மூச்சுல சொன்னா தம்பி. கண்ண மூடித் திறக்கதுக்குள்ள இருவது லட்சம் போயிட்டு.

அங்கயிருந்து நடந்தே ஆடிட்டர் ஆபீஸு. அங்கயும் ஒரே மூச்சுல வாசிச்சா. வேலை முடிஞ்சுது. இந்த வருசத்து ரீஃபண்டு வந்துரும்னுட்டாரு. அதுலயும் அவ பாதி இருக்கேன்னு நினைச்சு, கேப்பா கேப்பான்னு நான் அவ வாயவே பாத்துக்கிட்டு இருக்கேன். கேக்கல. போனத் திறந்து, தலையிலயிருந்து ஒரு ஹேர்பின்ன உருவி சிம்மக் குத்தி வெளிய எடுத்து, எங்கையில வச்சா. "வெள்ளிக்கிழமையோட ரீசார்ஜ் முடியுதுண்ணே, போட்டுக்க. இனிமே எனக்குக் கூப்புடாத"ன்னா. நான் போடி, எனக்கும் வேண்டாம்னேன். படியிறங்கி ஆட்டோ ஏறிப் போயிட்டா. புதன்கிழமை பத்திரமாம். அண்ணன் நிக்கணும்னு ஒரு வார்த்தை கூப்புடல. நீங்களே சொல்லுங்க, எவ்வளவு நெஞ்சழுத்தம்!

நான் என்ன தப்பு செஞ்சேன்? சொல்லுங்க. அவ காசப் பத்திரமா வச்சிருந்தேன். அது ஒரு தப்பா?

ஆரல்வாய்மொழி தாண்டிட்டா? காத்து அடிக்குத அடியிலயே தெரியுதே. உங்களுக்கு எறங்க நேரமாச்சு. ஒரு நிமிசம், ஒரு நிமிசம் தம்பி. ஒண்ணு கேக்கணும்னு வள்ளியூர்லயிருந்தே நினைச்சுக்கிட்டு வாரேன்.

இந்தா, இந்தப் பர்ஸுக்குள்ள இருக்கு பாருங்க, அந்த சிம்மு. இத மஸ்கட்டுக்குக் கொண்டு போனா பிரயோசனம் இல்ல. அங்க வேலை செய்யணும்னா ரோமிங் போடணும், அதுக்கு சிம்மு யாரு பேர்ல இருக்கோ அவங்க வந்து கேக்கணுமாம். அவள்ட்ட நான் எப்படிப் போயி நிக்க? பொஞ்சாதி போன எடுக்க மாட்டா. மவன்ட்ட குடுக்க முடியாது, அதச் சொன்னேம்லா. கூட்டாளின்னு எனக்கு ஊர்ல எவன் இருக்கான்? இருபத்தாறு வருசமாச்சு. ரீஃபண்டு வந்தா மெசேஜ் இதுலதான் வரும். பாக்கி டெபாசிட்டுக்கும் இந்த நம்பர்தான்.

உங்களப் பாத்தா நல்ல மனுசனாத் தெரியுது. ரெண்டு மணி நேரமா ஒரு வார்த்தை குறுக்கப் பேசல. உங்க போன்ல ரெண்டாவது சிம்முக்கு எடம் இருக்குல்லா? சும்மா போட்டு வச்சுக்கிடுங்க. ரீசார்ஜ் காச ஒரு வருசத்துக்கு இப்பவே தந்துருதேன். நான் எப்பவாவதுதான் கூப்புடுவேன். கூப்புட்டா அந்த ஆறு நம்பர வாசிச்சுச் சொன்னா போதும்.

ஏன் எழும்புதிய? வடசேரி பஸ் ஸ்டாண்டு வர இன்னும் நேரம் இருக்கு. ஏன் தம்பி, சிரிக்கியளா? நான் வெளையாட்டுக்குச் சொல்லல. இந்த ஸ்டாப்புலயே எறங்குதியளா? இந்தாங்க, வாங்கிக்கிடுங்க. கண்டக்டர், ஒரு நிமிசம் நிறுத்தும்யா, அவரு இன்னும் வாங்கல. தம்பி, இங்க பாருங்க, உங்க நம்பரயாவது சொல்லிட்டுப் போங்க. உங்க பேரு என்னன்னு கூட நான் கேக்கலியே...